புதுக் கேமரா, பழைய எடிட்டர், நடுவுல மாட்டிக்கிட்ட நான்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்திங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த விஷயத்தைப் பத்தி எழுத உக்காந்தாலே கோவம் வந்துச்சு. கோவத்துல எழுதினதை மறுநாள் நமக்கே படிக்கச் சகிக்காது. இப்போ ஓரளவு ஆறிடுச்சு. அதனால எழுதறேன்.

டிஸ்கி: நான் வாங்கின கேமரா எந்தக் கம்பெனி, என்கிட்ட இருக்கிற எடிட்டர் எதுன்னு சொல்லப் போறதில்லை. சொன்னா, "நீ எந்தக் கட்சி, நான் எந்தக் கட்சி"ன்னு விஷயம் ரஜினி-கமல் சண்டையில போய் முடியும். எல்லாக் கட்சிக்கும் பொதுவான வியாதி இது.

கதைக்கு வர்றேன். அஞ்சு வருஷமா ஒரு செகண்ட் ஹேண்ட் கேமராவை வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன். போன வருஷம் மனசைத் தேத்திக்கிட்டு, 12 மாச இஎம்ஐ போட்டுப் புதுசு ஒண்ணு வாங்கினேன். அதே கம்பெனிதான். பழைய லென்ஸை மாட்டிக்கலாம், அதுதான் கணக்கு. எடிட்டர் முதல் சம்பளத்துல வாங்கினது. ஒரே தடவை காசு கட்டினா முடிஞ்சுதுங்கிற ரகம். அதுக்கப்புறம் அந்த ஆளுங்களும் மாச வாடகைக்கு மாறிட்டாங்க. புது வெர்ஷன் வேணும்னா மாசாமாசம் கட்டணும். அது என் பழைய லேப்டாப்ல ஓடவும் ஓடாது. இருக்கிறதே நல்லாத்தானே வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன்.

கேமரா கைக்கு வந்த மூணாவது நாள் ஊர்ல கொடை. திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கொடைன்னா என்னன்னு சொல்ல வேண்டாம். எங்க சின்னத் தாத்தா சுடலைமாடனுக்கு ஆடுறவர். நாப்பது வருஷமா அவர்தான். முழங்கால் போயிடுச்சு. இதுதான் கடைசி, அடுத்த கொடைக்குச் சித்தப்பா ஆடுவான்னு அவரே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அவர் சல்லடம் கட்டி, தலையில குல்லாய் வச்சு, கையில வல்லயத்தோட நிக்கிற படம் ஒண்ணாவது உருப்படியா எடுக்கணும்னுதான் நான் அந்தக் கேமராவையே அவசரமா வாங்கினேன்.

சாமக்கொடை நேரத்து வெளிச்சம் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் பச்சையடிக்கிற டியூப் லைட். மேல கலர் கலரா சீரியல் செட். கையில தீப்பந்தம். மூஞ்சியில மஞ்சள், நெத்தி முழுக்கத் திருநீறு. இந்தக் கலவையில கேமரா எந்தக் கலரைச் சரின்னு நினைக்கும்னு அந்த மாடனுக்கே வெளிச்சம். அதனால ரா ஃபைல்லதான் எடுக்கணும்னு தெளிவா இருந்தேன். கார்டுல இடம் பத்தாதுன்னு கூடவே ஜேபெக் எடுக்கிறதையும் அணைச்சு வச்சேன். புத்திசாலி! மொத்தம் 412 படம்.

காலையில லேப்டாப்பைத் திறந்து கார்டைச் சொருகினா, எடிட்டர் சொல்லுது: இந்தக் கேமராவின் ஃபைல்களை ஆதரிக்கவில்லை. 412-க்கும் அதே பதில். என் பழைய கேமராவோட ஃபைலும் இதே கம்பெனி, ஃபைல் பேருக்குப் பின்னாடி வர்ற மூணு எழுத்தும் அதே மூணு எழுத்து. அதெல்லாம் திறக்குது. இது மட்டும் திறக்கல.

திண்ணையில காலுக்கு எண்ணெய் தடவிக்கிட்டு உக்காந்திருந்த சின்னத் தாத்தா, "ஏலே, படத்தைக் காட்டு"ன்னார். கேமரா முதுகுல இருக்கிற குட்டித் திரையில காட்டினேன். அவருக்கு அது தெரியல.

"பொட்டியில போட்டுப் பெருசாக் காட்டுடே."

"திறக்க மாட்டேங்குது தாத்தா."

"ஏன், கேமரா கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"அப்ப பொட்டி கெட்டுப்போச்சா?"

"அதுவும் இல்ல."

"கேமராவும் நல்லா இருக்கு, பொட்டியும் நல்லா இருக்கு, படமும் உள்ள இருக்கு. ஆனா பாக்க முடியாது. என்னல நீ இஞ்சினீரு?"

பக்கத்துல இருந்த ஆச்சி சிரிச்ச சிரிப்பு இருக்கே... அவ்வ்வ்வ்.

*

இதுல பிரச்சினை என்னன்னு புரியறதுக்கு, ரா ஃபைல்னா என்னன்னு கொஞ்சம் பார்த்துடலாம். தெரிஞ்சவங்க அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவிடுங்க.

கேமரா சென்சாருக்குக் கலர் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்துச்சுங்கிறது மட்டும்தான் தெரியும். அதனால கோலப் புள்ளி மாதிரி வரிசையா இருக்கிற ஒவ்வொரு புள்ளி மேலயும் ஒரு கலர் கண்ணாடியை வச்சிருப்பாங்க. நாலு புள்ளியில ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். கோடாக் கம்பெனியில இருந்த பிரைஸ் பேயர் இதுக்கு 1976-ல காப்புரிமை வாங்கினார். இன்னைக்கும் பெரும்பாலான கேமராவுல அதே புள்ளிக் கோலம்தான். ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு கலரோட அளவுதான் இருக்கும். மீதி ரெண்டு கலரை அக்கம்பக்கத்துப் புள்ளியைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பணும்.

அப்படி எதுவும் நிரப்பாம, சென்சார் தந்த எண்ணை அப்படியே எழுதி வச்சா அது ரா. கேமராவே கணக்கெல்லாம் போட்டு, கலரை முடிவு பண்ணி, அமுக்கிச் சின்னதாக்கிக் கொடுத்தா அது ஜேபெக். ரா அரைச்சு வச்ச மாவு, ஜேபெக் சுட்ட தோசை. மாவா இருக்கும்போது உப்பு பத்தலைன்னா போட்டுக்கலாம், ஊத்தப்பமா ஊத்தலாம், பணியாரமும் சுடலாம். சுட்ட தோசையை ஒண்ணும் பண்ண முடியாது, மேல பொடி வேணா தூவிக்கலாம். கணக்காச் சொன்னா, ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படிதான். 14 பிட் ரா ஃபைல்ல 16,384 படி. தீப்பந்தம் வெள்ளையா வெளுக்காமலும், தாத்தா முதுகுப்பக்கம் கரியாகாமலும் ஒரே படத்துல காப்பாத்துறது இந்த வித்தியாசம்தான்.

சரி, ஒரு ரா ஃபைலைத் திறக்க எடிட்டருக்கு என்னென்ன தெரியணும்? முதல்ல, எண்களை எப்படி மடிச்சு வச்சிருக்காங்கங்கிறது, அதாவது பெட்டி. ரெண்டாவது, அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்ங்கிறது, அதாவது பெட்டி மேல ஒட்டின சீட்டு. எந்த எண்ணைக் கருப்புன்னு எடுத்துக்கணும், எந்த எண்ணுக்கு மேல வெளிச்சம் வழிஞ்சு போச்சு, இந்தச் சென்சாரோட சிவப்பு பச்சை நீலத்தை நம்ம கண்ணு பார்க்கிற கலரா மாத்தறது எப்படி. இதெல்லாம்தான் சீட்டுல இருக்கும்.

அந்தச் சீட்டு எவ்வளவு பெருசுன்னு நினைக்கிறீங்க? டேவ் காஃபின்னு ஒருத்தர் 1997-ல டிசிரான்னு ஒரு நிரலை எழுத ஆரம்பிச்சார். கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனி ரா ஃபைலையும் திறக்கிற ஒரே ஒரு சி ஃபைல். மூல நிரலை யார் வேணா படிக்கலாம். அதுக்குள்ள கேமரா கேமராவா ஒரு பட்டியல் இருக்கு. ஒரு கேமராவுக்கு ஒரு வரிசை. கேமரா பேர், கருப்புக்கு ஒரு எண், வெள்ளைக்கு ஒரு எண், கலர் கணக்குக்குப் பெரும்பாலும் 9 எண். மொத்தம் 11. அவ்வளவுதான்!

கம்பெனி பெட்டியை மாத்தாத வரைக்கும், புது கேமரா வந்தா எடிட்டர்ல சேர வேண்டியது பெரும்பாலும் இந்த ஒரு வரி. லென்ஸ் திருத்தம், இரைச்சல் கணக்குன்னு இன்னும் சில சாமான் இருக்கு, மறுக்கல. ஆனா படத்தைத் திறந்து பார்க்க அது வேணும்ங்கிற கட்டாயம் இல்லை. அந்த 11 எண் இல்லாததாலதான் 412 படமும் உள்ள மாட்டிக்கிச்சு.

*

இந்த இடத்துல நம்ம ஆளுங்க வழக்கமா யாரைத் திட்டுவாங்க? எடிட்டர் கம்பெனியை. "புது வெர்ஷன் விக்கிறதுக்காக வேணும்னே பண்றாங்க"ன்னு. நானும் ரெண்டு நாள் அப்படித்தான் திட்டினேன். அதுல உண்மை இல்லாமலும் இல்லை. அடோபி லைட்ரூம் 6 தான் அவங்க ஒரே தடவை காசுக்கு வித்த கடைசி லைட்ரூம். 2015-ல வந்துச்சு. 2017 டிசம்பர்ல 6.14-ன்னு கடைசி அப்டேட் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் வந்த கேமராவோட சொந்த ஃபார்மேட் ரா ஃபைலுக்கு அந்த வெர்ஷன்ல கதவு மூடியாச்சு. மென்பொருள் சாகலை, காசு கொடுத்தவன்கிட்டதான் இருக்கு, பழைய படம் எல்லாம் திறக்கும். புது கேமரா வாங்கினா மட்டும் கை விரிக்கும்.

ஆனா யோசிச்சுப் பார்த்தா, என் கோவம் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருந்துச்சு. பத்து வருஷம் முன்னாடி எழுதின மென்பொருளுக்கு, இனிமேல் பிறக்கப் போற கேமராவோட பேர் எப்படித் தெரியும்? யாராவது உக்காந்து ஒவ்வொரு கேமராவா வாங்கி, கலர் அட்டையைப் படம் பிடிச்சு, அளந்து எழுதணும். அதுக்குச் சம்பளம் வேணும். அஞ்சு வருஷம் முன்னாடி கொடுத்த காசுக்கு ஆயுசு முழுக்க அதைப் பண்ணுன்னு கேக்கறது நமக்கே நியாயமா இல்லை.

என் கேள்வி வேற. அந்த 11 எண்ணை வெளியில ஒருத்தர் உக்காந்து ஏன் அளக்கணும்? கேமரா பண்ணினவனுக்கு அது தெரியாதா? தெரியாமலா அதே கேமரா ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள ஜேபெக் சுடுது? தெரிஞ்ச எண்ணை அந்த ஃபைலுக்குள்ளயே எழுதி வச்சிட்டா கதை முடிஞ்சுதே. பட்டியலே வேண்டாமே.

இது என் கற்பனை இல்லை. 2004 செப்டம்பர்ல அடோபி டிஎன்ஜின்னு ஒரு ஃபார்மேட்டை வெளியிட்டுச்சு. விஷயம் ரொம்ப எளிமை. கருப்பு எண், வெள்ளை எண், கலர் கணக்கு, புள்ளிக் கோலம் எந்த வரிசை, எல்லாம் ஃபைலுக்குள்ளயே இருக்கும். ஃபார்மேட்டோட விவரம் வெளிப்படையா இருக்கு, யார் வேணா காசு கொடுக்காமப் பயன்படுத்தலாம். கேமரா பேரே தெரியாத எடிட்டரும் சீட்டைப் படிச்சுட்டுத் திறந்துடும்.

இது வேலை செய்யும்ங்கிறதுக்கு என் லேப்டாப்பே சாட்சி. சென்னைக்குத் திரும்பினதும் அடோபியோட இலவச டிஎன்ஜி கன்வர்ட்டரை இறக்கி 412-ஐயும் மாத்தினேன். அதே லேப்டாப். அதே பழைய எடிட்டர், ஒரு பைட் கூட மாறல. அதே படம். காலையில தெரியாதுன்னு சொன்ன எடிட்டர் ராத்திரி சமர்த்தாத் திறந்துச்சு. நடுவுல நடந்தது பெட்டியை எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி மடிச்சு, உள்ள சீட்டை வச்சது மட்டும்தான். அப்போ அந்தக் காலையில என்னைத் தடுத்தது எந்தத் தொழில்நுட்பம்? ஒண்ணுமே இல்லை. கேமரா கம்பெனி எழுதாம விட்ட ஒரு சீட்டு.

"பெரிய கம்பெனிக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும்"னு சொல்றவங்களுக்கு: லைக்காவும் பென்டாக்ஸும் 2006-க்குள்ளயே கேமராவுக்குள்ள டிஎன்ஜி எழுத ஆரம்பிச்சாச்சு. ஆண்ட்ராய்டு 2014-ல வந்த 5.0 வெர்ஷன்லயே டிஎன்ஜிக்கு வழி பண்ணிடுச்சு. 2020-ல ஐபோன் 12 ப்ரோவோட வந்த ப்ரோரா ஃபைலும் டிஎன்ஜிதான். சட்டைப் பையில இருக்கிற போன் செய்யறதை, இஎம்ஐ போட்டு வாங்கின கேமரா செய்ய மாட்டேங்குது. கேனான், நிக்கான், சோனி மூணு பேருக்கும் ஆளுக்கொரு சொந்த ஃபார்மேட்.

*

எழுதாம விட்டதாவது பரவாயில்லை. பூட்டியே வச்ச கதையும் உண்டு. 2005-ல நிக்கான் டி2எக்ஸ் வந்தப்போ, ரா ஃபைலுக்குள்ள இருந்த வெள்ளைச் சமநிலை விவரத்தை மட்டும் என்கிரிப்ட் பண்ணி வச்சிருந்தாங்க. அதாவது, படம் எடுத்த நேரத்துல எந்த வெளிச்சம் இருந்துச்சு, எதை வெள்ளைன்னு கேமரா எடுத்துக்கிச்சுங்கிற தகவல். போட்டோஷாப்பை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான தாமஸ் நோல் இதை வெளியில சொன்னதும் பெரிய களேபரம். முறைப்படி கேக்கிற நிறுவனங்களுக்கு எங்க மென்பொருள் கருவியைத் தர்றோம்னு நிக்கான் பதில் சொல்லுச்சு. அந்தப் பூட்டை டேவ் காஃபின் உடைச்சார். அதே வருஷம்தான் ரா ஃபார்மேட்டை எல்லாம் வெளிப்படையா எழுதி வைங்கன்னு ஓப்பன்ரான்னு ஒரு குழுவும் ஆரம்பமாச்சு.

இதை முதல் தடவை படிச்சப்போ பெருசாத் தெரியல. தீப்பந்தமும் டியூப் லைட்டும் கலந்த வெளிச்சத்துல தாத்தா மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காந்தப்போதான் உறைச்சது. அந்த ராத்திரி வெளிச்சம் எங்க ஊர்ல அடிச்சது. நின்னது எங்க தாத்தா. பட்டனை அமுக்கினது நான். அதுல எது வெள்ளைங்கிறது யாரோட ரகசியம்?

"எங்க படம் தயாரிக்கிற முறை எங்க தொழில் ரகசியம்"னு கம்பெனிக்காரங்க சொல்லலாம். ஒத்துக்கறேன். உன் தோசைப் பக்குவத்தை யாரும் கேக்கல. மாவுல எவ்வளவு அரிசி, எவ்வளவு உளுந்துன்னு டப்பா மேல எழுதுன்னுதான் கேக்கறோம். கடையில விக்கிற மாவு பாக்கெட்லயே அது இருக்கே.

பெட்டியை மாத்த வேண்டிய தேவை உண்மையாவே வர்றதும் உண்டு. கேனான் முதல்ல சிஆர்டபிள்யூ, அப்புறம் சிஆர்2, 2018-ல எம்50 கேமராவோட சிஆர்3. இந்த சிஆர்3 உள்ளமைப்பே வேற. சீட்டு ஒட்டினா மட்டும் பழைய எடிட்டர் திறக்காது. இலவச மென்பொருளான டார்க்டேபிள்ல அது திறக்க 2021 டிசம்பர்ல 3.8 வெர்ஷன் வர வேண்டியிருந்துச்சு. மூணு வருஷத்துக்கு மேல. பெட்டியை மாத்தாதேன்னு சொல்லல. மாத்தினா, எப்படி மடிச்சேன்னு ஒரு பக்கம் எழுதி வெளியில வைன்னுதான் சொல்றேன். வெளியில இருக்கிறவங்க ஒவ்வொரு பைட்டாத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கணும்னு விடறது எந்த ஊர் நியாயம்?

*

சரி, மத்தவனை மட்டும் திட்டிட்டுப் போனா எப்படி. ஒரு பாவமன்னிப்பும் இருக்கு.

போன வருஷம் எங்க ப்ராஜெக்ட்ல, எங்க மென்பொருள் சேமிக்கிற ஃபைலோட அமைப்பை மாத்தினோம். மாத்தினது அடியேன்தான். புது வெர்ஷன்ல சேமிச்ச ஃபைல் பழைய வெர்ஷன்ல திறக்காது. கிளையன்ட் பக்கம் ஒருத்தர், "எங்க கிளை ஆபீஸ்ல பழசுதான் இருக்கு, இங்க அனுப்பினா அங்க திறக்கல, என்ன பண்றது?"ன்னு டிக்கெட் போட்டார். நான் என்ன பதில் போட்டேன்? "புதிய வெர்ஷனுக்கு மாறவும்." டிக்கெட் மூடியாச்சு. டீ குடிக்கப் போயாச்சு.

நான் மாத்தினதுல பாதி, பழைய வெர்ஷன் கண்டுக்காமத் தாண்டிப் போயிருக்கக் கூடிய சின்ன விஷயம். தெரியாத பகுதி வந்தா விட்டுட்டு மீதியைத் திறன்னு எழுத எனக்கு ஒரு நாள் ஆகியிருக்கும். எழுதல. தெரியாத வெர்ஷன் எண்ணைப் பார்த்தா மொத்தமா மறுத்துடுன்னு ஒரு வரியில முடிச்சேன். அந்தக் கொடை மறுநாள் என் எடிட்டர் எனக்குச் சொன்ன பதிலை, நான் எழுதின நிரல் முன்பின் தெரியாத ஒருத்தருக்குச் சொல்லிட்டு இருக்கு. ஊர்ல இருந்து வந்ததும் அந்த டிக்கெட்டைத் திரும்பத் திறந்தேன். மேனேஜர் ஒரு மாதிரியாப் பார்த்தார். பரவாயில்லை.

அதனால எடிட்டர் எழுதறவங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தெரியாத கேமரான்னா கதவைச் சாத்தாதீங்க. "இந்தக் கேமரா எனக்குத் தெரியாது, கலர் முன்னப்பின்ன இருக்கலாம், திறந்து பார்க்கவா?"ன்னு கேளுங்க. பெட்டியே புரியலைன்னா வேற விஷயம். சீட்டு மட்டும் இல்லைன்னா, கலர் கொஞ்சம் தப்பான தாத்தா, தாத்தாவே இல்லாததுக்கு எவ்வளவோ மேல்.

*

இதே நிலைமையில மாட்டினவங்களுக்கு, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:

உடனே யாருக்காவது காட்டணுமா? பெரும்பாலான ரா ஃபைலுக்குள்ள கேமராவே சுட்ட ஜேபெக் ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். கேமரா முதுகுத் திரையில நாம பார்க்கிறது அதைத்தான். எக்ஸிஃப்டூல்னு ஒரு இலவசக் கருவி அதை வெளியில எடுத்துத் தரும். அன்னைக்குச் சாயங்காலம் அப்படித்தான் எடுத்துப் பென்டிரைவ்ல போட்டு, டிவியில சொருகித் தாத்தாவுக்குக் காட்டினேன். மூஞ்சியெல்லாம் ஆரஞ்சுப் பழம் மாதிரி இருந்துச்சு, ஆனாலும் படம்.

டிஎன்ஜி கன்வர்ட்டர்ல, எவ்வளவு பழைய மென்பொருளுக்கு ஒத்துப் போகணும்னு ஒரு அமைப்பு இருக்கு. அதை உங்க எடிட்டருக்குத் தகுந்த மாதிரி வைங்க. வைக்கலைன்னா டிஎன்ஜியும் திறக்காம, பழியை அது மேல போடுவீங்க.

மாத்தி முடிச்சதும் மூல ஃபைலை அழிச்சுடாதீங்க. கேனான், நிக்கான் மாதிரி கம்பெனிகளோட சொந்த மென்பொருள் இந்த டிஎன்ஜியைத் திறக்காது. நாளைக்கு வேற நல்ல கருவி வந்தா அதுக்கும் மூலம் வேணும். ரெண்டையும் வைங்க. ஹார்ட் டிஸ்க் வாங்கிடலாம், போன கொடையை வாங்க முடியாது.

கம்பெனியோட சொந்த மென்பொருள் இலவசமாவே கிடைக்கும். அதுல திறந்து 16 பிட் டிஃப்பா மாத்தி எடிட்டருக்கு அனுப்பலாம். ஆனா 24 மெகாபிக்சல் படம் அமுக்காம வச்சா ஒண்ணு 144 எம்பி. 412 படத்துக்குப் பெருக்கிப் பார்த்துட்டு லேப்டாப் கிட்ட மன்னிப்புக் கேட்டேன். நல்ல படம் நாலைஞ்சுக்கு மட்டும்னா சரி.

ஃபைலுக்குள்ள கேமரா பேரைத் திருத்தி, பழைய மாடல் மாதிரி வேஷம் போட வைக்கிற வித்தையும் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே சென்சாரா இருந்தா வேலை செய்யலாம். இல்லைன்னா கலர் கண்டபடி போகும். செய்யறதா இருந்தா நகல்ல மட்டும் செய்ங்க.

கடைசியா, நான் செய்யாம விட்டது. புது கேமரா வாங்கினா, முக்கியமான இடத்துக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, வீட்டுல ஒரு சொம்பைப் படம் எடுத்து உங்க எடிட்டர்ல திறக்குதான்னு பாருங்க. திறக்கலைன்னா ரா கூடவே ஜேபெக்கும் எடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. இஞ்சினீருக்குத் தோணல.

*

ஊர்ல இருந்து கிளம்பற அன்னைக்கு அம்மா பரண்ல இருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தாங்க. உள்ள அப்பா அம்மா கல்யாண நெகட்டிவ், 1993. அந்த ஸ்டூடியோ இப்போ இல்லை, அங்க செல்போன் கடை. எடுத்த கேமரா எதுன்னு யாருக்கும் தெரியாது. நான் ஒரு துண்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சேன். கருப்புப் பல்லோட அம்மா சிரிக்கிறாங்க. லேப்டாப் திரையை வெள்ளையா வச்சு, மேல நெகட்டிவைப் பிடிச்சு, போன்ல படம் எடுத்து, கலரைத் தலைகீழாத் திருப்பினேன். அம்மா கட்டியிருந்த அரக்குப் பட்டு வந்துருச்சு. முப்பது வருஷத்துக்கு அப்புறம், யாரையும் கேக்காம, வெறும் வெளிச்சத்தை வச்சுத் திறந்தேன்.

டிஎன்ஜின்னு பேர் வச்சதே டிஜிட்டல் நெகட்டிவ்ங்கிற அர்த்தத்துலதான். அதுவும் ஒரு கம்பெனி கையில இருக்கிற சமாச்சாரம்தான், எனக்கும் முழு நிம்மதி இல்லை. ஆனா அதைத் திறக்கிற முறை எழுத்துல வெளியில இருக்கு. அந்தக் கம்பெனி காணாமப் போனாலும், முப்பது வருஷம் கழிச்சு ஒரு பையன் அதைப் படிச்சுட்டு ஒரு நிரல் எழுதித் திறந்துடுவான். நான் கேக்கறது அவ்வளவுதான். நெகட்டிவ் எடுத்தவனுக்குச் சொந்தம். அதைப் பார்க்க எவன்கிட்டயும் சாவி கேட்டு நிக்கக் கூடாது.

தாத்தா படத்துல ஒண்ணைத் தேறும்படி சரிபண்ணி, பெருசாப் பிரிண்ட் போட்டுக் கூரியர்ல அனுப்பினேன். தீப்பந்தம் தீப்பந்தக் கலர்ல, திருநீறு வெள்ளையா. ரெண்டு நாள் கழிச்சுப் போன் வந்துச்சு.

"படம் வந்துச்சுடே. நல்லா இருக்கு. எப்படித் திறந்த?"

11 எண், சீட்டு, டிஎன்ஜி எல்லாம் விளக்கினேன். பொறுமையாக் கேட்டார்.

"ஒன் படம்தானல? அதத் திறக்க இம்புட்டு பாடா?"

அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்லை. உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க மக்களே.